செம்பும் சிற்றுயிரும்

வேலூருக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் சிற்றூர் இருக்கிறது. அருவியையும் காட்டையும், வனத்துறையார் அமைத்த விலங்குக் காட்சிச்சாலையையும் காண வருவோர் அதனை அறிவர். நான் அவ்வூரைச் சேர்ந்தவன். என் இளமைப் பருவத்தில், மலைமேல் வாழும் மக்கள் கடுக்காயைப் பொறுக்கி மூட்டைகளாகக் கட்டிக் கீழே கொண்டுவருவார்கள். அம்மூட்டைகள் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் உள்ள தோல் பதனிடும் சாலைகளுக்குப் போகும். என் பாட்டனார் கடுக்காய் வாங்கி விற்றவர். என் தாய்மாமன் ஆம்பூரில் ஒரு தோல் சாலையில் மேஸ்திரியாக இருந்தவர். கோடை விடுமுறை வந்தால் நான் மாமா வீட்டுக்குப் போய்விடுவேன்.

மாமாவுக்கு எழுத்தறிவு குறைவு, தொழிலறிவு மிகுதி. வேலையாட்களுக்கு அவர் இரண்டு கட்டளைகளை ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். பழைய சுண்ணாம்பு நீரை ஒரேயடியாகக் கொட்டிவிடக் கூடாது என்பது ஒன்று. புதுச் சுண்ணாம்பைக் காட்டிலும், பல தோல்களைக் கண்ட பழைய சுண்ணாம்பு நீரிலேதான் தோலின் மயிர் எளிதில் கழலும் என்பது அவர் கண்ட அனுபவம். இரும்பு எதனையும் பட்டைத் தொட்டியின் அருகே கொண்டுவரக் கூடாது என்பது மற்றொன்று. ஆவாரம் பட்டை ஊறிய அந்தத் தொட்டிக்குள் ஒருநாள் நான் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டுவிட்டேன். மறுநாள் ஒரு நல்ல தோலின் நடுவே கருநீலக் கறை படிந்திருந்தது. அதற்காக நான் வாங்கிய அடி இன்னும் நினைவில் இருக்கிறது. அன்னபேதியையும் கடுக்காயையும் கலந்து பாட்டனார் கணக்கெழுத மை காய்ச்சுவார். அந்த மையைத்தான் நான் அறியாமல் தோலின்மேல் காய்ச்சியிருந்தேன் என்பது பின்னர்ப் பள்ளியிலே விளங்கிற்று.

பழைய சுண்ணாம்பு நீரின் மர்மத்தையும் விஞ்ஞானிகள் விளக்கியிருக்கிறார்கள். அந்த நீரில் நுண்ணுயிர்கள் பெருகி, மயிர்க்கால்களைத் தளர்த்துவதற்குத் துணை செய்கின்றன. ஐரோப்பாவில் மெல்லிய தோல் பதனிடுவோர் நாய்ச் சாணத்தையும் புறாவெச்சத்தையும் நூற்றாண்டுக் கணக்கில் பயன்படுத்தி வந்தார்கள். அதில் வேலை செய்வது எது என்று நாட்டிங்காம் நகரத்து ஜே. டி. வுட் என்பவர் பொறுமையாக ஆராய்ந்து, 1912இல் ஒரு நூலாகவே எழுதினார். ஆக, கண்ணுக்குத் தெரியாத உயிர்களிடம் வேலை வாங்கிக்கொண்டு, வாங்குகிறோம் என்பதை அறியாமலே ஒரு பெருந்தொழில் நடந்திருக்கிறது. தோல் தொழிலுக்கு மட்டும் உரிய விந்தையன்று இது. செம்பு எடுக்கும் தொழிலிலும் இதே கதை, இன்னும் பெரிய அளவில், இன்னும் நீண்ட காலம் நடந்திருக்கிறது. அன்னபேதி என்று நாம் சொல்லும் இரும்பு உப்புக்கு அங்கேயும் முக்கியமான பங்கு உண்டு. அந்தக் கதையைத்தான் இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

செம்பு பூமியில் தனித்துக் கிடைப்பது அரிது. பெரும்பாலும் கந்தகத்தோடும் இரும்போடும் பிணைந்தே கிடைக்கும். கால்கோபைரைட் என்னும் மஞ்சள் நிறக் கல்தான் அவற்றில் மிகுதியானது. அதனைத் தங்கமென்று எண்ணி ஏமாந்தவர் பலர். அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செம்பு, ஒரு பங்கு இரும்பு, ஒரு பங்கு கந்தகம். வெட்டியெடுக்கும் பாறையிலோ இந்தக் கல் சிறு சிறு துகளாகச் சிதறிக் கிடக்கும். நூறு டன் பாறையை உடைத்தால் ஒரு டன் செம்பு கிடைப்பதே இன்று நல்ல சுரங்கம். ஆகவே பாறையை மாவாக அரைத்து, நீரில் கரைத்து, நுரை எழுப்பி, நுரையோடு மிதந்துவரும் தாதுத் துகளைத் தனியே வழித்தெடுக்கிறார்கள். அதற்குத் தாதுச் செறிவு என்று பெயர். நூற்றுக்கு 25 முதல் 30 பங்கு வரை அதில் செம்பு இருக்கும். இந்தச் செறிவை உலையிலிட்டு உருக்கினால், கந்தகம் எரிந்து புகையாகப் போகும், செம்பு தங்கும். மனிதன் நெடுங்காலமாகக் கையாண்டு வரும் வழி இந்த நெருப்பு வழிதான்.

புகை போகும் என்று சொன்னேன். எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு ஸ்பெயின் தேசத்தில் ஓர் ஊர் விடை சொன்னது.

ஸ்பெயினின் தென்மேற்கு மூலையில் ஊல்வா மாகாணத்தில் ரியோ டின்டோ என்றோர் ஆறு ஓடுகிறது. சாயமேறிய ஆறு என்பது அப்பெயரின் பொருள். திராட்சை மதுவைப் போலச் செந்நிறமாக ஓடும் அந்நீர் எலுமிச்சைச் சாற்றைப்போலப் புளிப்பானது. அதில் மீன் இல்லை. அதன் தலைப்பில் உள்ள சுரங்கங்களை ரோமானியர் வெட்டினர். அவர்களுக்கு முன்னிருந்தோரும் வெட்டினர். 1873இல் ஸ்பானிய அரசாங்கம் அச்சுரங்கங்களை ஆங்கிலேய முதலாளிகள் கூடிய ஒரு கம்பெனிக்கு விற்றது. அவர்கள் தாதுக்கல்லை விறகின்மேல் குன்றுபோலக் குவித்துத் திறந்த வெளியிலேயே எரித்தார்கள். ஒரு குவியல் மாதக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கந்தகப் புகை பள்ளத்தாக்கிற் படிந்து பயிரைக் கருக்கியது, மரங்கள் மொட்டையாயின, மக்கள் இருமினர். புகை போர்வைபோல் மூடிய நாட்களில் வேலை நின்றுவிடும். தொழிலாளருக்கு அன்று கூலி குறையும். புகையால் பயிரிழந்த உழவரும், புகையால் கூலியிழந்த தொழிலாளரும் ஒன்று சேர்ந்ததுதான் அந்தப் போராட்டத்தின் சிறப்பு.

1888ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பெருங்கூட்டம் ஊர்ச் சதுக்கத்தில் கூடிற்று. நகரசபைக்குள் பேச்சு நடந்துகொண்டிருக்கையில், வெளியே நின்ற சிப்பாய்கள் சுட்டார்கள். இறந்தவர் 13 பேர் என்று அரசாங்கக் கணக்குச் சொல்லிற்று. நூற்றுக்கு மேல் இருக்கும் என்று ஊரார் சொன்னார்கள். துப்பாக்கி சுட்ட ஆண்டு என்றே அந்த ஆண்டை இன்றும் அப்பக்கத்து மக்கள் குறிக்கிறார்கள். திறந்த வெளியில் எரிப்பதைத் தடுக்கும் ஆணை ஒன்று உடனே பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அது நீக்கப்பட்டது. நெருப்புக் குவியல்கள் முற்றிலும் அணைவதற்கு இருபதாம் நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது.

விந்தை என்னவென்றால், அதே ஊரில், புகையே இல்லாத இன்னொரு வழியும் அப்போதே கையாளப்பட்டு வந்தது. கல்லை எரிக்காமல் குவித்து வைப்பார்கள், அதன்மேல் நீரைப் பாய்ச்சுவார்கள், காயவிடுவார்கள், மறுபடியும் பாய்ச்சுவார்கள். ஆண்டுக் கணக்கில் இதே வேலை. குவியலின் அடியிலிருந்து நீலமும் பச்சையுமாக ஒரு நீர் கசியும். அந்நீரை வாய்க்காலில் விட்டு, அதில் இரும்புக் கட்டிகளைப் போட்டுவைத்தால், இரும்பு கரைந்து மறையும். அதன் இடத்தில் செந்நிறப் பொடியாகச் செம்பு படியும். இரும்பு இருந்த இடத்தில் செம்பு வந்து உட்காரும் இந்த மாற்றத்தை நேயர்கள் வீட்டிலேயே காணலாம். மயில்துத்தத்தை நீரிற் கரைத்து, அதில் தேய்த்து விளக்கிய ஒரு கத்தி முனையைச் சிறிது நேரம் நனைத்தெடுத்தால் முனை செம்பு நிறமாக இருக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமற் செய்க, துத்தம் நஞ்சு.

இந்த வித்தை ஸ்பெயினுக்கு மட்டும் உரியதன்று. சீனாவில் சுங் மரபு அரசர் காலத்தில், 11ஆம் நூற்றாண்டிலேயே, துத்த நீரில் இரும்பைப் போட்டுச் செம்பு எடுக்கும் தொழில் பெரிய அளவில் நடந்தது. ஹங்கேரி நாட்டோடு அக்காலத்தில் சேர்ந்திருந்த ஒரு மலைப்பகுதியில், சுரங்க நீரில் இரும்பை இட்டு எடுத்த செம்பால் அழகிய கிண்ணங்கள் செய்து, இது இரும்பு செம்பாக மாறியது என்று பெருமையாகப் பொறித்து விற்றார்கள். ரசவாதிகளுக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? ஓர் உலோகம் இன்னோர் உலோகமாக மாறிவிட்டது என்று அவர்கள் மனமார நம்பினார்கள். அவர்களைக் கண்டு சிரிக்க எனக்கு மனமில்லை. கண்ணெதிரே நடப்பதைக் கண்டவர்கள் அவர்கள். காணாத பகுதி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

நீரில் உள்ள செம்பு இரும்பின்மேல் எப்படிப் படிகிறது என்பதை ரசாயனம் விரைவில் விளக்கிவிட்டது. கல்லில் இறுகிக் கிடந்த செம்பு நீருக்குள் எப்படி வந்தது? அதையும் காற்றும் மழையும் செய்யும் துருப்பிடித்தல் என்று கருதினார்கள். அது முற்றிலும் பிழையன்று. ஆனால் இப்படித் துருப்பிடிப்பது மிக மிக மெதுவாக நடக்கவேண்டிய காரியம். குவியலில் அது நடந்த வேகத்துக்குக் காற்றும் நீரும் போதா. இந்தக் கணக்கு உதைக்கிறது என்பதை நெடுநாள் எவரும் பொருட்படுத்தவில்லை.

கல்லையும் கந்தகத்தையும் உணவாகக் கொண்டு ஓர் உயிர் வாழ முடியும் என்பதே அக்காலத்தார் எண்ணிப் பார்க்காத ஒன்று. 1887ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி அதனைக் காட்டினார். சூரிய ஒளியும் வேண்டாம், பிற உயிரின் உடலும் வேண்டாம். கந்தகம் முதலியவற்றை ஆக்ஸிஜனோடு சேர்க்கும்போது பிறக்கும் ஆற்றலைக் கொண்டே சில நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்றார். 1922இல் அமெரிக்காவில் ருடால்ஃப்ஸ், ஹெல்ப்ரானர் என்னும் இருவர், மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் துத்தநாகத் தாதுவைக் கரைப்பதைக் கண்டு, இதனைக் கொண்டு மட்டமான தாதுவிலிருந்து உலோகம் எடுக்கலாமே என்றும் எழுதினார்கள். அதே ஆண்டில், கந்தகத்தை உண்டு கந்தகாமிலத்தைக் கக்கும் ஒரு நுண்ணுயிரை வாக்ஸ்மன் என்பவரும் அவருடைய துணைவரும் விவரித்தனர். பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்காக நோபல் பரிசு பெற்றவர் இந்த வாக்ஸ்மன்தான். இத்தனை தெளிவாகக் கதவு திறந்தும் கால் நூற்றாண்டுக் காலம் சுரங்கத் தொழிலார் ஒருவரும் உள்ளே நுழையவில்லை.

கதவைத் தட்டியது செம்பு அன்று, நிலக்கரி. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்து நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து புளிப்பேறிய செந்நீர் வழிந்து ஓடைகளைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அந்நீரை ஆராய்ந்த கோல்மர், ஹிங்கிள் என்னும் இருவர் மிக எளிய ஒரு சோதனை செய்தார்கள். சுரங்க நீரில் ஒரு பங்கை அப்படியே வைத்தார்கள். இன்னொரு பங்கிலிருந்து உயிர்களைப் போக்கி வைத்தார்கள். அப்படியே வைத்த நீரில் இரும்பு விரைவாகச் செம்பழுப்பாக மாறியது. உயிரற்ற நீரில் மாற்றம் இல்லை. 1947இல் அவர்கள் இதனை வெளியிட்டார்கள். இரும்பை உண்ணும் அந்த உயிருக்கு 1951இல் தயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் என்று பெயரிட்டார்கள். 2000ஆம் ஆண்டு முதல் அசிடிதயோபாசில்லஸ் என்று அது அழைக்கப்படுகிறது. புளிப்பில் வாழ்வது, கந்தகம் தின்பது, இரும்பை மாற்றுவது என்று அதன் முழு வாழ்க்கையும் அந்தப் பெயரிலே அடங்கிவிட்டது.

அந்த உயிரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் உயிர்களை வரிசையாக நிறுத்தலாம். நம் தோலைச் சுடும் அமில நீர் அதற்கு இனிய இல்லம். உடல் வளர்வதற்கு வேண்டிய கரியை அது காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆற்றலுக்கு அது உண்பது அன்னபேதியில் உள்ள வகை இரும்பு. அந்த இரும்பிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு, மிச்சத்தை வெளியே விடுகிறது. அந்த மிச்ச இரும்பு பசித்த இரும்பு. இழந்த எலெக்ட்ரானைத் தேடி அது தாதுக்கல்லைத் தாக்குகிறது. கல்லின் கட்டு உடைகிறது. செம்பு நீரில் கரைகிறது. இரும்பு மறுபடியும் அன்னபேதி நிலைக்குத் திரும்புகிறது. உடனே நம் உயிர் அதனை மறுபடியும் உண்கிறது. இப்படி ஒரே இரும்பு ஆயிரம் முறை சுற்றிவரும். ஒவ்வொரு முறையும் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் மிகச் சொற்பம். ஆகவே வயிறு நிரம்ப மலைமலையாக இரும்பை மாற்றியாக வேண்டும். அதன் வறுமையே நமக்கு லாபம். அமில நீரில் இந்த இரும்பு மாற்றம் தானே நடக்கும் வேகத்தைவிட நுண்ணுயிரால் நடக்கும் வேகம் பத்து லட்சம் மடங்குக்கும் அதிகம் என்று 1970இல் சிங்கர், ஸ்டம் என்னும் இருவர் அளந்து காட்டினார்கள். ரியோ டின்டோவின் உதைத்த கணக்கு அங்கேதான் சரியாயிற்று.

செம்பு உலகம் விழித்துக்கொண்டது. 1954இல் யூட்டா மாநிலத்தில் பிரைனரும் அவருடைய தோழர்களும், பிங்காம் கன்யன் செம்புச் சுரங்கத்து நீரில் அதே வகை உயிர் இருப்பதையும் அது செம்புத் தாதுவைக் கரைப்பதையும் காட்டினர். 1958இல் கென்னிகாட் செம்புக் கம்பெனி இந்த முறைக்கு உரிமைப் பட்டயம் பெற்றது. மனிதன் பிறப்பதற்கு முன்பே ஓர் உயிர் செய்துவந்த வேலைக்கு ஒரு கம்பெனி உரிமை வாங்கியது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். சட்டப்படி அது சரிதான். உரிமை கேட்டது வேலைக்கன்று, வேலை வாங்கும் விதத்துக்கு. சிலி நாட்டில் 1980இல் தொடங்கிய லோ அகிர்ரே சுரங்கம் முதலிலிருந்தே நுண்ணுயிர்களை நம்பி நடந்தது. 1996 வரை அது செம்பு தந்தது. இப்போதெல்லாம் வாய்க்காலில் இரும்பைப் போடுவதில்லை. கரைசலிலிருந்து செம்பைத் தனியே பிரித்து மின்சாரத்தால் தூய தகடாகப் படிய வைக்கிறார்கள்.

குவியலில் ஊறவைப்பது மட்டமான கல்லுக்குப் பொருந்தும். நுரையில் வழித்தெடுத்த விலையுயர்ந்த செறிவை ஆண்டுக் கணக்கில் ஊறவைக்க எந்த வணிகன் சம்மதிப்பான்? அதற்குப் பெருந்தொட்டி வேண்டும். தொட்டியில் காற்றை ஊத வேண்டும். கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ தங்கச் சுரங்கத்தில் 1986இல் இது பலித்தது. தங்கத்தை மூடியிருந்த கந்தகக் கல்லை நுண்ணுயிர்கள் சில நாட்களில் அரித்துக் கொடுத்தன. உகாண்டாவில் 1999 முதல் இதே வழியில் கோபால்ட் எடுத்தார்கள். செம்பில் மட்டும் முட்டுக்கட்டை. நான் முன்பு சொன்ன அந்த மஞ்சள் கல், கால்கோபைரைட், நுண்ணுயிர் தீண்டிய சில காலத்துக்குள் தன்மேல் ஒரு மெல்லிய போர்வையைப் போர்த்திக்கொண்டுவிடுகிறது; அதன்பின் கரைவது ஏறக்குறைய நின்றுபோகிறது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் வேறு குலத்து நுண்ணுயிர்களைக் கொண்டு, 80 பாகையை ஒட்டிய சூட்டில் தொட்டியைக் கலக்கினால் அந்தப் போர்வை தடுப்பதில்லை. சிலியில் சுக்கிகமாட்டா அருகே 2003இல் ஆண்டுக்கு 20,000 டன் செம்பு எடுக்கத்தக்க ஆலை ஒன்றை இவ்வழியில் நிறுவிக் காட்டினார்கள். வேலை நடந்தது, வணிகம் ஓங்கவில்லை. அந்த ஆலை ஒரு சோதனையாகவே முடிந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவின் செம்புத் தாதுவில் ஒரு பெரும்பங்கு மத்தியப் பிரதேசத்தில் பாலகாட் மாவட்டத்து மலாஞ்ச்கண்டில் இருக்கிறது. இந்துஸ்தான் செம்புக் கம்பெனி 1982 முதல் அங்கே சுரங்கம் நடத்தி வருகிறது. உலைக்குப் பயன்படாது என்று ஒதுக்கிய மட்டக் கல் அங்கே குன்றுகளாகக் கிடக்கிறது. அச்சுரங்கத்திலிருந்து இந்த இரும்புண்ணி உயிரின் ஒரு வகையைப் பிரித்தெடுத்துப் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் கே. ஏ. நடராஜனும் அவர் குழுவினரும் நுணுகி ஆராய்ந்தார்கள். நுண்ணுயிர் கல்லின்மேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது, எக்கல்லை விரும்புகிறது என்பன போன்ற அடிப்படைக் கேள்விகள் அவர்களுடையவை. ஜாம்ஷெட்பூர் உலோக ஆராய்ச்சிச் சாலையாரும் புவனேசுவர ஆராய்ச்சிச் சாலையாரும், நூற்றுக்கு 0.3 பங்கை ஒட்டியே செம்புள்ள மலாஞ்ச்கண்டுக் கல்லை ஊறவைத்துச் சோதித்திருக்கிறார்கள். இத்தனை ஆராய்ச்சிக்கும் ஈடாக ஒரு பெருந்தொழில் இங்கே எழவில்லை என்பதை மனவருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் செம்புச் சுரங்கம் இல்லை. ஆனால் செம்பு உலை இருந்தது.

தூத்துக்குடியில் 1990களில் தொடங்கிய ஸ்டெர்லைட் ஆலையைத்தான் குறிப்பிடுகிறேன். வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வந்த தாதுச் செறிவை உருக்கி அது ஆண்டுக்கு 4 லட்சம் டன் வரை செம்பு செய்யும் அளவுக்கு வளர்ந்தது. பழைய ஸ்பானியக் குவியலைப்போலப் புகையை அப்படியே வெளியே விடுகிற காலம் மலையேறிவிட்டது. இக்கால உலைகள் கந்தகப் புகையைப் பிடித்துக் கந்தகாமிலமாக மாற்றுகின்றன. இருப்பினும் காற்றும் நீரும் கெடுகின்றன என்று ஊரார் பல்லாண்டு முறையிட்டனர், ஆலையார் மறுத்தனர். 2018 மே மாதம் 22ஆம் நாள், போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றபோது போலீசார் சுட்டார்கள். அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். அதே மாதம் 28ஆம் நாள் ஆலையை நிரந்தரமாக மூட அரசாங்கம் ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29இல் ஆலையாரின் மேல்முறையீட்டை உச்சநீதிமன்றம் தள்ளிவிட்டது.

ரியோ டின்டோவின் அரசாங்கக் கணக்கிலும் எண் 13. இரண்டு ஊர்களுக்கும் இடையே 130 ஆண்டும் கடல்களும் கிடக்கின்றன. எண்கள் ஒத்திருப்பது தற்செயல்தான். ஆயினும் 1888ஐப் பற்றி முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

தூத்துக்குடியில் உலைக்குப் பதிலாக நுண்ணுயிர்த் தொட்டி வைத்திருக்கலாகாதா என்று நண்பர் சிலர் என்னைக் கேட்டதுண்டு. விரும்பியதைச் சொல்வது எளிது, உள்ளதைச் சொல்கிறேன். கால்கோபைரைட் செறிவை நுண்ணுயிரால் கரைக்க எழுந்த ஆலைகளில் நான் அறிந்த பெரியது, தூத்துக்குடி உலையின் அளவில் இருபதில் ஒரு பங்கு. அதுவும் நிலைக்கவில்லை. ஒதுக்கித் தள்ளிய மட்டக் கல்லிலும், எளிதில் கரையும் வேறு செம்புத் தாதுக்களிலும் நுண்ணுயிர் வெற்றி பெற்றிருக்கிறது. உயர்ந்த செறிவுக்கு இன்றளவும் உலகம் நெருப்பையே நம்புகிறது.

எங்கள் பக்கத்துக்கு இந்த ஆராய்ச்சியினால் பயன் உண்டா என்பது வேறு கேள்வி. ஆவாரம் பட்டையின் இடத்தைக் குரோமிய உப்பு பிடித்துக்கொண்ட பிறகு, பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்ட கதை நாடறிந்தது. உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வேலூர் மக்கள் வழக்கில் அளித்த தீர்ப்பு, மாசு செய்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை இந்தியச் சட்டத்தில் நாட்டியது. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் அதே பாலாற்றைப் பற்றி மறுபடியும் பேச வேண்டியிருந்தது. இராணிப்பேட்டையில், 1990களில் மூடப்பட்ட ஒரு குரோமிய ஆலையின் வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு குவிந்து கிடந்த செய்தியையும் நேயர்கள் அறிந்திருப்பார்கள். செம்பைக் கரைக்கும் அதே குலத்து நுண்ணுயிர்களைக் கொண்டு, தோல் கழிவுச் சேற்றிலிருந்து குரோமியத்தைக் கரைத்தெடுக்கப் பல நாட்டு ஆராய்ச்சிச் சாலைகளில் சோதனைகள் நடந்திருக்கின்றன. குடுவையில் அவை நன்றாகவே நடக்கின்றன.

மாமா முதுமையில் அமிர்திக்கே வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஒரு மாலை நான் இந்தச் செம்புக் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பழைய சுண்ணாம்பு நீரைக் கொட்டாதே என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது என்று கேட்டு மகிழ்வார் என எண்ணினேன். மகிழ்ந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்லைக் குவித்து அமில நீரைத் தெளிக்கிற பகுதி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அதெல்லாம் சரிப்பா, அந்தத் தண்ணிய எங்க உடறாங்க?”

நீர் வெளியே போகாது, மாமா. மறுபடியும் குவியலுக்கே ஏற்றுவார்கள். மிஞ்சியதைச் சுண்ணாம்பிட்டுப் புளிப்பைப் போக்கி, அடியில் விரிப்பிட்ட குளத்தில் தேக்குவார்கள் என்றேன். குளம் ஒழுகாதா என்றார். அதற்கு நான் பின்லாந்து தேசத்து டல்விவாரா சுரங்கத்தைச் சொல்லவேண்டியதாயிற்று. நிக்கலும் துத்தநாகமும் பிறவும் எடுக்க, நுண்ணுயிர்க் குவியல் முறையிலேயே 2008இல் தொடங்கிய பெருஞ்சுரங்கம் அது. பனி நாட்டிலும் இந்த உயிர்கள் தாம் பிறப்பிக்கும் சூட்டிலேயே வாழ்ந்து வேலை செய்யும் என்பதை உலகுக்குக் காட்டியது. 2012 நவம்பரில் அதன் கழிவுக் குளம் ஒழுகி, உலோகம் கலந்த நீர் சுற்றியுள்ள ஏரி, ஓடைகளில் கலந்தது. 2014இல் கம்பெனி திவாலாயிற்று. மறு ஆண்டு அரசாங்கமே சுரங்கத்தை எடுத்து நடத்த நேர்ந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஆம்பூர் வீட்டுக் கிணற்றில் கடைசியாக எந்த ஆண்டு குடிக்க நீர் இறைத்தோம் என்று என் அத்தையைக் கேட்டார். இருவரும் சிறிது நேரம் அதைப் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள்.